ஒரே ஒரு அணி, ஒரே ஒரு சீசன்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகரத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்கும் நம் ஆட்கள், பெட்டி பிரித்து முடிப்பதற்குள் ஒரு சனிக்கிழமையைச் சந்திப்பார்கள். காலை எட்டு மணிக்கே தெருவெல்லாம் சிவப்புச் சட்டை. முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்து 'ஓ! ஹெச்!' என்று கத்துவார். பதிலுக்கு 'ஐ! ஓ!' என்று கத்த வேண்டும் என்பது அன்றுதான் தெரியும். பேருந்துகள் சுற்றி வளைத்துப் போகும், கடைகளில் கூட்டமே இருக்காது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி அன்று உள்ளூரில் ஆடுகிறது. நம் ஊரில் ஆடும் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் எடுத்து ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து.

நானும் அப்படித்தான் வந்தேன். முதல் வருடம் ஒன்றுமே புரியவில்லை. விதிகளை உட்கார்ந்து படித்துப் பார்த்தேன், அப்போதும் புரியவில்லை. பிறகு ஒரு சீசன் முழுக்க இந்த ஒரு அணியை மட்டும் வாரா வாரம் பார்த்தேன். அப்புறம்தான் எல்லாம் தானாக வந்து சேர்ந்தது. அதனால் புதியவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: விதிப் புத்தகத்திலிருந்து தொடங்காதீர்கள், ஓர் அணியின் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒஹாயோ ஸ்டேட்டின் 2024 சீசனையே எடுத்துக்கொள்கிறேன். அதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இரண்டு தோல்வி, அதில் ஒன்று நெஞ்சை உடைத்தது. கடைசியில் தேசிய சாம்பியன் பட்டம். இந்த விளையாட்டில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதிக்கு மேல் அந்த 16 போட்டிகளுக்குள் இருக்கின்றன.

முதலில் அணியைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் படிக்கும் கல்லூரியோ வாழும் ஊரோ ஓர் அணியை ஏற்கெனவே உங்களுக்குத் தந்திருந்தால் வேலை முடிந்தது. ஜெயிக்கிற அணியாகப் பார்த்துத் தேட வேண்டாம். மேல்மட்டப் பிரிவில் மட்டும் 2024-இல் 134 கல்லூரி அணிகள் இருந்தன. எல்லாவற்றையும் பின்தொடர நினைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஓர் அணியைப் பிடித்துக்கொண்டால் அதன் எதிரிகள் வழியாக மற்ற அணிகள் அறிமுகமாகும்.

இந்த அணிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒஹாயோ ஸ்டேட் இருப்பது பிக் டென் குழுவில். பெயரில் பத்து இருந்தாலும் 2024-இல் அதில் 18 அணிகள். அந்த ஆண்டுதான் மேற்குக் கரையிலிருந்து ஆரெகன், வாஷிங்டன் உட்பட நான்கு அணிகள் வந்து சேர்ந்தன. தெற்கே எஸ்இசி என்ற குழுவில் 16 அணிகள். புதியவருக்கு இப்போதைக்கு இந்த இரண்டு பெயர் போதும்.

ஆட்டத்தைப் பார்க்கத் தேவையான அளவு விதி

மைதானம் 100 யார்டு நீளம். யார்டு என்பது நம் கெஜம்தான். இரண்டு முனைகளிலும் பத்துப் பத்து யார்டுக்கு 'எண்ட் ஸோன்' என்ற பகுதி உண்டு. பந்தை அங்கே கொண்டு சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. அதன் பிறகு உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் 1. உதைக்காமல், மறுபடி ஒருமுறை பந்தை எண்ட் ஸோனுக்குள் சேர்க்க முயன்று வென்றால் 2. டச் டவுன் கிடைக்காது என்று தோன்றும்போது தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது ஃபீல்ட் கோல், அதற்கு 3.

இப்போது உயிர்நாடிக்கு வருவோம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொரு முயற்சிக்கும் 'டவுன்' என்று பெயர். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால்தான் மூன்று முயற்சியிலும் முடியவில்லை என்றால் நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்துத் தள்ளிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் பன்ட். எதிரி ஆரம்பிக்கும் இடம் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

தொலைக்காட்சித் திரையின் ஓரத்தில் '3, 7' என்பது போல இரண்டு எண்கள் தெரியும். மூன்றாவது முயற்சி, இன்னும் 7 யார்டு தேவை என்று அர்த்தம். மைதானத்தில் தெரியும் மஞ்சள் கோடு எட்ட வேண்டிய இடம். அது ஒளிபரப்பில் மட்டும் வரையப்படுவது, அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. நான் அரங்கில் பார்த்த முதல் போட்டியில் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர், 'பந்தைத் தேடாதே தம்பி, அந்த இரண்டு எண்ணை மட்டும் பார்' என்கிற மாதிரி விளக்கினார். அது வரைக்கும் எனக்குக் கிடைத்த எல்லா விளக்கத்தையும் விட அது உதவியது. மூன்றாவது முயற்சி வரும்போதெல்லாம் ஒரு லட்சம் பேர் ஏன் எழுந்து நின்று கத்துகிறார்கள் என்பது அந்த நிமிடம் புரிந்தது. எதிரணி பந்து வைத்திருக்கும்போது கத்துவார்கள், அவர்கள் பேசிக்கொள்வது ஒருவருக்கொருவர் கேட்கக் கூடாது. நம் அணி வைத்திருக்கும்போது அமைதியாகிவிடுவார்கள்.

ஒவ்வொரு பக்கமும் 11 பேர். ஆனால் தாக்குவதற்கு ஒரு பதினொன்று, தடுப்பதற்கு வேறொரு பதினொன்று, உதைக்கும் நேரத்துக்கு இன்னொன்று. எல்லாரையும் தெரிந்துகொள்ள வேண்டாம். முதலில் குவார்ட்டர்பேக்கைப் பாருங்கள், பந்து அவர் கையில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் பழகிய பிறகு அவருக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பெரிய உடம்புக்காரர்களைப் பாருங்கள். அவர்கள் பெயரை யாரும் சட்டையில் போட்டுக்கொண்டு திரிவதில்லை. ஆனால் ஓர் அணி எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு செய்வது அந்த ஐந்து பேர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2024 சீசனே அதற்குச் சாட்சி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏற்கெனவே என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு: கல்லூரி ஆட்டத்தில் பந்தைப் பிடிப்பவரின் ஒரு கால் கோட்டுக்குள் இருந்தாலே போதும். யாரும் தொடாமலே முழங்கால் தரையில் பட்டால்கூட ஆட்டம் அங்கேயே நிற்கும். சமநிலையில் முடிந்தால் இரு அணிக்கும் எதிரியின் 25 யார்டு கோட்டிலிருந்து ஒவ்வொரு வாய்ப்பு தருகிறார்கள். மற்றவை பார்க்கப் பார்க்க வரும்.

நேரக் கணக்கு மட்டும் ஏமாற்றும். 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு, ஆக ஒரு மணி நேரம். ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள்

கல்லூரி சீசனில் வழக்கமான போட்டிகள் 12 மட்டுமே. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடியும், இடையில் ஓரிரு வாரம் ஓய்வு. கிரிக்கெட்டிலோ பேஸ்பாலிலோ ஒரு போட்டி போனால் அடுத்தது நாளைக்கே வரும். இங்கே ஒரு சனிக்கிழமை போனால் சீசனில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது. இந்த விளையாட்டின் பதற்றம் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

அட்டவணையை அச்செடுத்து மூன்று வகையாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வகை, சீசன் தொடக்கத்துச் சுலபமான போட்டிகள். 2024-இல் ஆக்ரனை 52-6, வெஸ்டர்ன் மிச்சிகனை 56-0, மார்ஷலை 49-14 என்று ஒஹாயோ ஸ்டேட் வென்றது. இந்தப் போட்டிகளில் முடிவைப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் புதியவர் பெயர்களைப் பழகிக்கொள்ள இதை விட நல்ல சந்தர்ப்பம் இல்லை. பாதிக்குப் பிறகு இளைய வீரர்களை இறக்குவார்கள். அடுத்த ஆண்டு யார் வருவார் என்று அங்கே தெரியும். டிக்கெட்டும் இந்தப் போட்டிகளுக்குத்தான் மலிவாகக் கிடைக்கும்.

இரண்டாவது வகை, தங்கள் குழுவுக்குள் நடக்கும் சாதாரணப் போட்டிகள். இவற்றில்தான் ஒரு நாள் தூங்கி வழிந்தால் சீசனே கவிழும். அக்டோபர் 26 அன்று நெப்ராஸ்காவை 21-17 என்று மயிரிழையில்தான் தாண்டினார்கள்.

மூன்றாவது வகை பெரிய போட்டிகள். அந்த ஆண்டு நான்கு: ஆரெகன், பென் ஸ்டேட், இந்தியானா, மிச்சிகன். இவற்றுக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆரெகன் போட்டியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அக்டோபர் 12, யூஜீன் நகரம். ஒஹாயோ ஸ்டேட் ஒரு புள்ளி பின்தங்கி, 10 நொடிதான் மிச்சம். அந்த நேரத்தில் ஆரெகன் 11 பேருக்குப் பதில் 12 பேரைக் களத்தில் வைத்திருந்தது. தண்டனை 5 யார்டுதான், ஆனால் அந்த ஒரு முயற்சியிலேயே 4 நொடி கரைந்துவிட்டது. அடுத்த முயற்சியில் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் பந்தோடு ஓடிச் சறுக்கி உட்கார்ந்தபோது கடிகாரம் பூஜ்ஜியம். 32-31. அடுத்த வாரமே விதியின் விளக்கத்தை மாற்றி, இப்படி நடந்தால் கரைந்த நொடிகளைத் திரும்ப வைக்கலாம் என்று ஆக்கினார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் யார்டை விட நொடி பெரிய சொத்து என்பதைப் படித்துப் புரிந்துகொள்வதை விட அந்தப் பத்து நொடியை ஒருமுறை பார்ப்பது மேல்.

அதே போட்டியில்தான் இடது முனையைக் காக்கும் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்கால் அடிபட்டுச் சீசனை இழந்தார். முன்வரிசை ஐந்து பேர் என்றேனே, அதில் ஒருவர் போய்விட்டார். நவம்பரில் நடுவே நிற்கும் செத் மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது, இரண்டாவது ஆளும் போயாயிற்று. பக்கத்து இடத்தில் ஆடிக்கொண்டிருந்த டானவன் ஜாக்சனை இடது முனைக்கு மாற்றினார்கள். முதலில் தடுமாறினார், ஜனவரிக்குள் நிலைத்துவிட்டார். ஓர் அணியைச் சீசன் முழுக்கப் பார்ப்பவருக்கு மட்டும்தான் இந்த மாற்றம் கண்ணில் படும். அதைக் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷமே தனி.

எங்கே, எத்தனை மணிக்கு

அமெரிக்காவில் இருப்பவர்கள் முதலில் ஒரு சாதாரண ஆண்டெனா வாங்குங்கள். பிக் டென் குழுவின் பெரிய போட்டிகள் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்றிலும் வருகின்றன. மூன்றும் காற்றலையில் இலவசமாகக் கிடைப்பவை. சந்தா எதுவும் இல்லாமலே பாதிக்கு மேல் பார்த்துவிடலாம். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் டிசம்பர், ஜனவரி பிளேஆஃப் போட்டிகள் பெரும்பாலும் கட்டணச் சேனலான ஈஎஸ்பிஎன் பக்கம் போய்விடும். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டினால் போதும்.

நேரம் மூன்று வகை: நண்பகல் 12, பிற்பகல் 3.30, இரவு 7.30. எல்லாம் கிழக்குக் கரை நேரம். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பார்ப்பவர்களுக்கு நண்பகல் போட்டிதான் வரம், சனி இரவு 9.30-க்குத் தொடங்கும். இரவுப் போட்டி ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு, காபியோடு பார்க்கலாம். பிற்பகல் போட்டிதான் நடுராத்திரி தாண்டி 1 மணிக்கு வந்து தூக்கத்தைக் கெடுக்கும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். போட்டி நேரத்தை முன்கூட்டியே நம்பி எதுவும் திட்டமிடாதீர்கள். பல போட்டிகளுக்கு நேரம் ஒரு வாரம், இரண்டு வாரம் முன்புதான் உறுதியாகும்.

அரங்குக்குப் போகும் நாள்

ஒருமுறையாவது நேரில் போக வேண்டும். ஒஹாயோ ஸ்டேடியம் 1922-இல் திறந்தது, 1,02,780 பேர் உட்காரலாம். குதிரை லாடம் போல வளைந்த கட்டடம், அதனால் எல்லாரும் அதை லாடம் என்றே சொல்கிறார்கள்.

போட்டி 12 மணிக்கு என்றால் காலை எட்டரைக்கே வளாகத்தில் இருங்கள். காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, சாப்பிட்டுக்கொண்டே நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள். இதற்கு டெயில்கேட் என்று பெயர். திருவிழாவுக்கு முதல் நாள் ஊர்க்கோயில் திடலில் இருப்பது போன்ற ஒரு சூழல். தயங்காதீர்கள், 'இது என் முதல் போட்டி' என்று சொன்னாலே யாராவது ஒரு தட்டை நீட்டிவிடுவார்கள். என்னிடம் ஒருமுறை எலுமிச்சைச் சாதம் இருந்தது. பதிலுக்கு அதைக் கொடுத்தேன், பாத்திரம் காலியாகத்தான் திரும்பியது. சைவம் சாப்பிடுபவர்கள் கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போவது நல்லது, அங்கே இறைச்சிதான் அதிகம். பக்கை என்ற மிட்டாய் கிடைத்தால் விடாதீர்கள். வேர்க்கடலை வெண்ணெய் உருண்டையைச் சாக்லேட்டில் தோய்த்து, மேலே மட்டும் கொஞ்சம் தெரியும்படி விட்டிருப்பார்கள். பக்கை மரத்தின் கொட்டை அப்படித்தான் இருக்கும். அணியின் பெயர் பக்கைஸ் என்பதும் அந்த மரத்திலிருந்து வந்ததுதான்.

போட்டிக்கு முன் பக்கத்திலுள்ள செயின்ட் ஜான் அரங்கில் வாத்தியக் குழு வாசிக்கும் நிகழ்ச்சி உண்டு, ஸ்கல் செஷன் என்பார்கள். அணியும் பயிற்சியாளரும் வழியில் அங்கே வந்து தலைகாட்டிவிட்டுப் போவார்கள். அந்த வாத்தியக் குழுவுக்காகவே போட்டிக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். முழுக்கப் பித்தளைக் கருவிகளும் முரசுகளும்தான், புல்லாங்குழல், கிளாரினெட் எதுவும் கிடையாது. வாசித்துக்கொண்டே வரிசையாக நடந்து மைதானத்தில் 'ஒஹாயோ' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். 1936-இலிருந்து நடக்கும் வழக்கம் இது. கடைசியில் நாலாவது, ஐந்தாவது வருட மாணவர் ஒருவர் தன் உயரத்துக்கு இருக்கும் சூசஃபோன் குழலைச் சுமந்து, கம்பீரமாக நடந்து வந்து 'ஐ' எழுத்தின் மேல் புள்ளியாக நின்று தலை வணங்குவார். அந்த ஒரு நொடிக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்கும். கழிப்பறைக்கோ சாப்பாட்டுக்கோ அந்த நேரத்தில் எழுந்து போய்விடாதீர்கள்.

சில சின்னச் சின்ன விஷயங்கள். பெரிய அரங்குகளில் உள்ளிருப்பது தெரியும்படியான பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிக்கிறார்கள், முதுகுப்பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பல இருக்கைகள் சாய்மானம் இல்லாத நீளப் பெஞ்சுகள். நவம்பரில் அந்தப் பெஞ்சின் குளிர் எலும்புக்குள் இறங்கும், கீழே போட்டுக்கொள்ள ஒரு தடித்த துணி எடுத்துச் செல்லுங்கள். எந்த நிறமும் போடலாம், நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்து மட்டும் போடாதீர்கள். அது மிச்சிகனின் நிறம்.

வீரர்களின் தலைக்கவசத்தில் சின்னச் சின்ன இலைகள் ஒட்டியிருக்கும். நன்றாக ஆடியதற்குக் கிடைக்கும் பக்கை இலைகள், 1968-இலிருந்து வரும் பழக்கம். ஆகஸ்டில் வெறுமையாக இருக்கும் கவசம் நவம்பரில் இலைகளால் மூடியிருக்கும். சீசன் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தரவரிசை என்ற தொடர்கதை

ஒவ்வொரு வாரமும் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி செய்தி நிறுவனத்தின் பட்டியல் வெளிவரும், முதல் 25 அணிகள். 1936-இலிருந்து வருகிறது. அதைப் பேச்சுக்குப் பயன்படுத்துங்கள், கவலைக்குப் பயன்படுத்தாதீர்கள். கணக்கில் சேர்வது நவம்பரில் தொடங்கும் பிளேஆஃப் தேர்வுக் குழுவின் பட்டியல். 13 பேர் கொண்ட ஒரு குழு செவ்வாய்க்கிழமைகளில் அறிவிக்கும்.

2023 சீசன் வரை நான்கு அணிகளுக்குத்தான் பிளேஆஃப் இடம். 2024 சீசனில்தான் முதல்முறையாக 12 ஆனது. அந்த ஆண்டு விதிப்படி, கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் தரவரிசையில் மேலே இருந்த ஐந்து அணிகளுக்கு இடம் உறுதி, மீதி ஏழு இடம் தகுதியைப் பார்த்து. பழைய முறையில் ஒரு தோல்வியே ஆபத்து, இரண்டு தோல்வி என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. புதிய முறையில் இரண்டு தோல்வியோடும் உள்ளே போகலாம். இதைப் பிடிக்காதவர்கள் உண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையின் கூர்மையும் மழுங்கிவிட்டது என்பார்கள். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனாலும் விழுந்த அணி எழுந்து வருவதைப் பார்க்கும் வாய்ப்பை இந்த முறைதான் தந்தது. எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

பிளேஆஃபுக்குப் போகாத அணிகளும் 6 வெற்றி பெற்றிருந்தால் 'பவுல்' என்று அழைக்கப்படும் ஒரு கூடுதல் போட்டிக்கு அழைக்கப்படலாம். உங்கள் அணி சின்ன அணி என்றால் அந்த ஆறாவது வெற்றிதான் உங்கள் சாம்பியன் பட்டம். அதற்காக ஏங்குவதும் இதே அளவு சுகமானது.

நவம்பர் கடைசி சனிக்கிழமை

ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் முதலில் மோதியது 1897-இல். வழக்கமான சீசனின் கடைசிப் போட்டி இதுதான். அந்த வாரம் கொலம்பஸ் வளாகத்தில் பெயர்ப் பலகைகளில் இருக்கும் 'எம்' எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். மிச்சிகன் என்ற பெயரையே சொல்லாமல் 'வடக்கே இருக்கும் அந்த அணி' என்பார்கள். வென்றால் ஒவ்வொரு வீரருக்கும் கால்சட்டை வடிவத்தில் ஒரு சின்னத் தங்கப் பதக்கம், 1934-இலிருந்து வரும் மரபு.

2024 நவம்பர் 30. ஒஹாயோ ஸ்டேட் தரவரிசையில் இரண்டாவது இடம், மிச்சிகன் ஏற்கெனவே ஐந்து போட்டி தோற்றிருந்தது. போட்டி ஒஹாயோ ஸ்டேட்டின் சொந்த மைதானத்தில். யாருக்கும் சந்தேகமே இல்லை. ஹவர்ட் வீசிய பந்து இரண்டு முறை எதிரி கைக்குப் போனது. ஒஹாயோ ஸ்டேட்டுக்காக உதைக்கும் ஜேடன் ஃபீல்டிங் இரண்டு ஃபீல்ட் கோல்களைத் தவறவிட்டார். கடைசி நிமிடத்தில் மிச்சிகன் உதைத்து வென்றது, 13-10. தொடர்ந்து நான்காவது ஆண்டாக. மைதானத்தின் நடுவே அவர்கள் கொடியை ஊன்றப் போக, கைகலப்பாகி, காவலர்கள் மிளகுத் தெளிப்பான் அடிக்க வேண்டியதாயிற்று.

அன்று அரங்கிலிருந்து வெளியே நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரு லட்சம் பேர் நடக்கும் இடத்தில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பயிற்சியாளர் ரையன் டேயை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஊரே பேசியது. பிக் டென் இறுதிப் போட்டிக்கும் போக முடியவில்லை.

புதியவர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். தோற்ற இரவு இருபது வயதுப் பையன்களின் சமூக ஊடகப் பக்கத்துக்குப் போய் எதுவும் எழுதாதீர்கள். அவர்களுக்கு இப்போது பணம் கிடைக்கிறது என்பது உண்மை. 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025-இலிருந்து கல்லூரிகளே நேரடியாகவும் கொடுக்கலாம். ஆனால் ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை அவர்கள் வகுப்பில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள்.

டிசம்பரும் ஜனவரியும்

பிளேஆஃபில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எட்டாவது இடம். முதல் சுற்று கல்லூரி மைதானங்களிலேயே நடக்கும் என்பதால் மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 21, அதே லாடத்தில் டென்னசியுடன் போட்டி. கடுங்குளிர். டென்னசியின் ஆரஞ்சு நிறச் சட்டைகள் அரங்கில் ஏராளமாக வந்து நிறைந்திருந்தன, நம் ஆட்கள் பலர் மனம் வெறுத்து டிக்கெட்டை விற்றிருந்தார்கள். முதல் கால்பகுதியிலேயே 21-0. முடிவில் 42-17. ஹவர்ட் மிச்சிகனிடம் ஆடிய அதே ஹவர்ட்தானா என்று தோன்றியது. முதலாண்டு மாணவர் ஜெரமையா ஸ்மித்துக்குப் பந்தை வீசத் தயங்கவே இல்லை.

ஜனவரி 1, ரோஸ் பவுல் என்ற பெயரில் நடந்த பிளேஆஃப் காலிறுதி. எதிரே மறுபடி ஆரெகன், அதுவரை ஒரு போட்டிகூடத் தோற்காத அணி. இரண்டாவது கால்பகுதி முடிவதற்குள் 34-0 என்று போய்விட்டது, முடிவில் 41-21. ஜனவரி 10, டெக்சாஸுடன் அரையிறுதி. 21-14 என்று முன்னிலையில் இருக்கும்போது டெக்சாஸ் ஒரு யார்டு தூரத்தில் வந்து நின்றது. நான்கு முயற்சியிலும் உள்ளே விடவில்லை. நான்காவதில் ஜாக் சாயர் பாய்ந்து குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்து, 83 யார்டு ஓடினார். இருவரும் 2021-இல் ஒஹாயோ ஸ்டேட்டில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். கல்லூரி விட்டுக் கல்லூரி மாறும் வழக்கம் இப்போது அதிகம் என்பதால் இப்படிப்பட்ட சந்திப்புகள் நடந்துகொண்டே இருக்கும். ஹவர்டே கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர்தான்.

இறுதிப் போட்டி ஜனவரி 20, அட்லாண்டா, நோட்டர் டேமுடன். 31-7 என்று போய்க்கொண்டிருந்தது 31-23 ஆகிவிட்டது. மூன்றாவது முயற்சி, 11 யார்டு தேவை. முதல் நாளில் உங்களைப் பார்க்கச் சொன்ன அந்த இரண்டு எண். ஓடிக் கடிகாரத்தைக் கரைப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தபோது ஹவர்ட் உயர வீசினார், ஸ்மித் பிடித்தார், 56 யார்டு. கடைசி 3 புள்ளியை உதைத்து 34-23 என்று முடித்தது யார் தெரியுமா? மிச்சிகனிடம் இரண்டைத் தவறவிட்ட அதே ஃபீல்டிங்.

14 வெற்றி, 2 தோல்வி. 2014 சீசனுக்குப் பிறகு முதல் பட்டம். அந்த அணியிலிருந்து 14 பேர் அந்த ஏப்ரலில் என்எஃப்எல் அணிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

சீசன் முடிந்த பின்

ஒவ்வொரு ஜனவரியிலும் அணி பாதி கலைந்துவிடும். மூத்தவர்கள் போவார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு மாறுவார்கள், புதியவர்கள் வருவார்கள். பிப்ரவரியில் ஒருமுறை உட்கார்ந்து, போனவர்கள் யார், வந்தவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் அது கை கொடுக்கும்.

அதுவரை பொழுது போகாது என்றால் 2024-இன் பழைய ஒளிபரப்புகளைத் தேடிப் பாருங்கள். பதினாறும் வேண்டாம், ஆறு போதும், இந்த வரிசையில். மார்ஷல் போட்டியை விதிகள் பழக. ஆரெகனின் அக்டோபர் போட்டியைக் கடிகாரம் பழக. பென் ஸ்டேட் போட்டியின் கடைசிக் கால்பகுதியைத் தடுப்பாட்டம் பழக. எதிரியை எண்ட் ஸோன் வாசலிலேயே நான்கு முறை நிறுத்திவிட்டு, மிச்ச நேரம் முழுவதையும் ஓடியே கரைத்து 20-13 என்று முடித்தார்கள். பிறகு மிச்சிகன், டென்னசி, நோட்டர் டேம். மிச்சிகன் போட்டி பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதைப் பார்க்காதவருக்கு, டென்னசி போட்டியின் முதல் பதினைந்து நிமிடத்தில் அந்தக் குளிரில் அரங்கம் ஏன் அப்படிக் கத்தியது என்று புரியாது.